பின் ஸ்பிரிங் இளகிப்போச்சுன்னு சொல்றாங்க, நிஜமா எவ்வளவு விறைப்புன்னு எப்படி அளக்கறது?

மாந்தோப்பு | காவேரிப்பட்டணம்

வணக்கம். என் வண்டி 12 வருஷத்து டீசல் ஹாட்ச்பேக். 1,40,000 கி.மீ. ஓடியிருக்கு. சீசன்ல பின் சீட்டை மடக்கிட்டு தோப்புல இருந்து மண்டிக்கு ஆறு கிரேட் பெங்களூரா மாங்காய் ஏத்திட்டுப் போவேன். இந்த வருஷம் லோடோட ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா பின்னாடி ‘டம்’முனு அடிக்குது. காலி வண்டியிலயே வலது பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிக்குது. வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சுப் பார்த்தேன், இடதுக்கும் வலதுக்கும் 6 மி.மீ. வித்தியாசம்.

பட்டறையில ‘ஸ்பிரிங் இளகிப்போச்சு, ஹெவி போடணும்’னு சொன்னாங்க. பழைய சாமான் கடையில ஒரு ஜோடி வாங்கிட்டு வந்தேன். மேல மஞ்சள் பெயின்ட் அடிச்சிருக்கு. என்னோட பழசுல ஒரு பச்சைப் பொட்டு, ஒரு வெள்ளைப் பொட்டு. மஞ்சள் ஸ்பிரிங்கோட கம்பி கையில பிடிச்சாலே தடிமனாத் தெரியுது.

என் கேள்வி ஒண்ணுதான். மாட்டறதுக்கு முன்னாடி எது அதிக விறைப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? மேல ஏறி நின்னு பார்த்தேன், 72 கிலோ ஆளு நான், ரெண்டும் ஒரே மாதிரிதான் ஆடுது.

பாலக்கோட்டான்

இதுக்குப் போய் எதுக்குங்க இவ்வளவு யோசனை. மஞ்சள்னா ஹெவி, பச்சைன்னா லைட்டு. இருபது வருஷமா மாட்டிட்டு இருக்கோம். கண்ணை மூடிட்டுப் போடுங்க.

ஓசூர்க்காரி

கண்ணைத் திறந்தே போடுங்க. நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில சரக்கு வந்து இறங்கும்போது சோதிக்கிற வேலையில இருக்கேன். ஸ்பிரிங் மேல இருக்கிற வண்ணப் பொட்டுக்கு எல்லாருக்கும் பொதுவான அகராதி எதுவும் கிடையாது. தயாரிக்கிற இடத்துல ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு அமுக்கி, அப்ப எவ்வளவு சுமை தாங்குதுன்னு பார்த்து ரகம் பிரிப்பாங்க. அந்த ரகத்துக்கு ஒரு பொட்டு. எந்த மாடல், முன்னாடியா பின்னாடியா, டீசலா பெட்ரோலாங்கிறதுக்கு இன்னொரு பொட்டு. ஒரே கம்பெனியிலயே இந்த மாடல் பச்சைக்கும் அந்த மாடல் பச்சைக்கும் சம்பந்தம் இருக்காது. அந்தக் கம்பெனியோட பார்ட் பட்டியல் கையில இருந்தா பொட்டு உதவும், இல்லாட்டி அது பொட்டுதான்.

அதுலயும் உங்க மஞ்சள் பொட்டு இல்லை, முழுசா அடிச்ச பெயின்ட். அதை அடிச்சது கம்பெனியா கடைக்காரரா, யாருக்குத் தெரியும்?

பென்னாகரம் பஸ்

ஆட்டோவுல இருந்து கழட்டினதா இருக்கும், அதான் மஞ்சள் 😂

வெர்னியர் | லேத் பட்டறை

தம்பி, ஒரு வெர்னியரும் ஒரு டேப்பும் இருந்தா கணக்குப் போட்டே சொல்லிடலாம். மூணு அளவு வேணும்.

கம்பியோட தடிமன். சுருளோட வெளி விட்டம், அதுல கம்பித் தடிமனைக் கழிச்சா சராசரி விட்டம். அப்புறம் வேலை செய்யற சுத்து எத்தனை.

கணக்கு இது: கம்பித் தடிமனை நாலு தடவை எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்கு, அதை 79,000ஆல பெருக்கு. இது மேல. சராசரி விட்டத்தை அதே மாதிரி மூணு தடவை எழுதிப் பெருக்கி, அதை 8ஆலயும் சுத்து எண்ணிக்கையாலயும் பெருக்கு. இது கீழ. மேல இருக்கறதைக் கீழ இருக்கறதால வகுத்தா ஒரு மி.மீ. அமுங்க எத்தனை நியூட்டன்னு வரும். 9.81ஆல வகுத்தா கிலோ. அந்த 79,000ங்கிறது ஸ்பிரிங் ஸ்டீலோட முறுக்கு விறைப்பு எண், எல்லா ஸ்பிரிங் ஸ்டீலுக்கும் ஏறக்குறைய அதேதான். மி.மீ.லயே எல்லாத்தையும் போடு, சென்டிமீட்டர் கலந்துடாத.

மாந்தோப்பு

நன்றிண்ணா. அளந்துட்டேன்.

பழசு: கம்பி 11.4, வெளி விட்டம் 121.4, சுத்து 7. கணக்கு 17.9 நியூட்டன், அதாவது மி.மீ.க்கு 1.82 கிலோ.
மஞ்சள்: கம்பி 11.9, வெளி விட்டம் 123.9, சுத்து 8.5. கணக்கு 16.6, அதாவது 1.69 கிலோ.

எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன் போல. தடிமன் கம்பி எப்படிக் கம்மியா வரும்?

ஓசூர்க்காரி

சுத்து எண்ணிக்கைதான் முதல்ல இடிக்குது. நீங்க நுனியில இருந்து நுனி வரைக்கும் எண்ணியிருக்கீங்க. ரெண்டு கோடியிலயும் சீட்டுல, அதாவது ஸ்பிரிங்கைத் தாங்கற தட்டுல, உட்கார்ந்திருக்கிற பகுதி அசையாது, முறுக்கும் ஏறாது. அதைக் கழிக்கணும். சீட்டுல எவ்வளவு தூரம் ஒட்டி உட்காருதுன்னு பழைய ஸ்பிரிங்லயே அடையாளம் இருக்கும்: பெயின்ட் தேஞ்சு, ரப்பர் கருப்பு படிஞ்சிருக்கும். அந்த இடத்துல சாக்பீஸ் கோடு போட்டு, அங்க இருந்து எண்ணுங்க. பல கார் ஸ்பிரிங்ல ஒரு கோடிக்கு முக்கால் சுத்து போயிடும்.

மாந்தோப்பு

சரியாச் சொன்னீங்க மேடம், முக்கால் முக்கால்தான். பழசு 5.5, மஞ்சள் 7. இப்ப பழசு 2.32 கிலோ, மஞ்சள் 2.05 கிலோ. இப்பவும் மஞ்சள்தான் கம்மி!

பாலக்கோட்டான்

கணக்குல ஏதாச்சும் வரும். ரோட்டுல வண்டி உசரும் பாருங்க.

அரூர் வாத்தியார்

ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன், சும்மா இருக்க முடியாமல் வருகிறேன்.

‘தடித்த கம்பி ஏன் மென்மையாக வருகிறது’ என்ற கேள்விக்குப் பதில், சுருள்வில்லில் கம்பிக்கு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. மேலே இருந்து அமுக்கினால் கம்பி வளைகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் அது முறுக்கிக்கொள்கிறது, ஈரத் துணியைப் பிழிகிறோமே அப்படி. சுருள்வில் என்பது ஒரு நீளமான கம்பியை முறுக்குவதற்கு வசதியாகச் சுற்றிவைத்த ஏற்பாடு. கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு எளிதாக முறுக்கும். மஞ்சளில் ஒன்றரைச் சுற்று கூடுதல், விட்டமும் சற்றுப் பெரிது. தடிமன் கொடுத்ததை நீளம் திருப்பி வாங்கிவிட்டது.

இழுவிசைக்கு ஏற்ப நீட்சி என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். பத்தாம் வகுப்பில் கொக்கியில் எடைக்கல் தொங்கவிட்டு நாங்கள் செய்யவைத்த அதே சோதனைதான் உங்களுக்கும் வேண்டியது. கணக்கு போதாது தம்பி, எடை வைத்துப் பாருங்கள்.

வெர்னியர்

வாத்தியார் சொல்றது சரி. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. பெயின்ட் மேலயே அளந்தியா? பழசு 11.4ங்கிற அளவே எனக்கு உறுத்துது. அந்தத் தடிமன் நாலாம் அடுக்குல உட்கார்ந்திருக்கு, 0.4 மி.மீ. பெயின்ட் இருந்தாக்கூட விடை 15 சதவீதம் ஏறிடும். அரை இஞ்ச் இடத்துல எமரி போட்டு, பளபளன்னு இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சு, கம்பியைச் சுத்தி மூணு இடத்துல அளந்து சொல்லு. துரு குழி இருக்கிற இடத்தை விட்டுடு.

மாந்தோப்பு

தேய்ச்சுட்டேன். பழசு 11.0. மஞ்சள் பெயின்ட் ரெண்டு கோட்டு, உள்ள கருப்பு, அதுக்குள்ள இன்னொரு கருப்பு. 11.5.

பழசு: 19.75 நியூட்டன், 2.01 கிலோ.
மஞ்சள்: 17.56 நியூட்டன், 1.79 கிலோ.

முதல் தடவை பெயின்ட்டால ஏறினதும், சுத்தைத் தப்பா எண்ணினதால இறங்கினதும் ஒண்ணையொண்ணு மூடி மறைச்சிருக்கு. 1.82ன்னு வந்ததும் ‘ஏறக்குறைய சரிதானே’ன்னு விட்டிருப்பேன்.

தொப்பூர் இறக்கம் | வாடகை வண்டி

இத்தனை கணக்கு எனக்குப் புரியாது, ஆனா ஸ்பிரிங்ல நான் பட்டதைச் சொல்றேன். 2009ல வண்டி தாழ்ந்தா ஸ்டைலா இருக்கும்னு பையன் பேச்சைக் கேட்டு பின் ஸ்பிரிங்ல அரைச் சுத்து வெட்டினேன். தாழ்ந்துச்சு. ஆனா குதிரை மேல உட்கார்ந்த மாதிரி ஆயிடுச்சு. கணவாய் இறக்கத்துல வளைவுல பின்னாடி துள்ளித் துள்ளி நகரும், உயிர் கையில இருக்கும். டயர் பஞ்சர்னு ஜாக்கி போட்டுத் தூக்கினா ஸ்பிரிங் லொடலொடன்னு சீட்டை விட்டு எகிறி நிக்குது. மறு வாரமே புதுசு வாங்கிட்டேன்.

வெர்னியர்

அண்ணா, அது கணக்குப்படியே நடந்திருக்கு. சுத்து குறைஞ்சா விறைப்பு கூடும். 5.5 சுத்துல அரை வெட்டினா 10 சதவீதம் ஏறும். நீளமும் போச்சு, அதான் வீல் தொங்கறப்ப ஸ்பிரிங் ஆடுது. சிலர் கேஸ் டார்ச்சால சூடு காட்டித் தாழ்த்துவாங்க, அது இன்னும் மோசம். கடினப்படுத்திப் பதம் வச்ச ஸ்டீலை அடுப்புல வச்ச கம்பி ஆக்கிடும்.

சுத்துக்கு நடுவுல திணிக்கிற ரப்பர் கட்டையும் இதே கணக்குதான். ஒரு சுத்தை வேலை செய்யவிடாம அடைச்சா விறைப்பு ஏறும், அதே தூரம் அமுங்க மீதி சுத்து எல்லாம் இன்னும் அதிகமா முறுக்கணும்.

கல்குவாரி | பர்கூர்

ஸ்பிரிங்கைக் கழட்டாமலே அளக்க ஒரு வழி இருக்கு. எங்க பிக்கப்புல கமான் பட்டை (அடுக்கு ஸ்பிரிங் தகடு) கூட்டணுமா வேணாமான்னு நான் இப்படித்தான் பார்ப்பேன். எடை மேடையில பின் வீல் ரெண்டை மட்டும் ஏத்தி எடை போடுங்க. லோடு ஏத்திட்டு மறுபடி போடுங்க. ஒவ்வொரு தடவையும் வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் வரைக்கும் அளவு எடுங்க. தரையில இருந்து அளக்காதீங்க, டயரும் அமுங்கும். எடை எவ்வளவு கூடிச்சோ அதுல பாதியை, எத்தனை மி.மீ. இறங்கிச்சோ அதால வகுத்தா ஒரு பக்கத்துக்கு எவ்வளவுன்னு வந்துடும்.

பத்து கிலோ படியில காட்டற மேடைதான் நிறைய இருக்கும், அதனால சின்ன லோடு வச்சா பிரயோஜனம் இல்லை.

மாந்தோப்பு

எங்க பக்கத்து எடை மேடையில போட்டுப் பார்த்தேன் அண்ணா. ஆறு கிரேட், 120 கிலோ. ஆனா பின் ஆக்ஸில் 130 கூடினதாக் காட்டுது. இடைவெளி 50 மி.மீ. குறைஞ்சது. ஏத்தும்போது 47, இறக்கும்போது 53, நடுவுல எடுத்துக்கிட்டேன். 65ஐ 50ஆல வகுத்தா 1.30.

ஆனா வெர்னியர் அண்ணன் கணக்குல 2.01. எது பொய்?

ஓசூர்க்காரி

ரெண்டும் நிஜம். நீங்க வீல்ல அளந்தது வேற, ஸ்பிரிங் வேற. உங்க வண்டியில பின்னாடி ஸ்பிரிங் வீலுக்கு நேர் மேல இல்லை, பின் வீல் ரெண்டையும் இணைக்கிற பீமோட கையில கொஞ்சம் முன்னாடி உட்கார்ந்திருக்கும். அந்தக் கை, வண்டி உடம்போட சேர்ற இடத்துல இருக்கிற ரப்பர் புஷ்ல இருந்து ஸ்பிரிங் நடு வரைக்கும் எவ்வளவு, வீல் நடு வரைக்கும் எவ்வளவுன்னு அளந்து போடுங்க.

120 வச்சா 130 காட்டறதும் சரிதான். உங்க கிரேட்டெல்லாம் பின் ஆக்ஸிலுக்கும் பின்னாடி டிக்கியில இருக்கு. ஏற்றம் மாதிரி முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, அந்தப் பாரத்தையும் பின்னாடியே தள்ளுது. அதனாலதான் ஏத்தின எடையை வச்சுக் கணக்குப் போடாம ஆக்ஸில் எடையைப் போடணும். ஏத்தறப்ப ஒரு அளவு இறக்கறப்ப ஒரு அளவு வர்றது புஷ், ஷாக் அப்சார்பரோட உராய்வு. நடுவுல எடுத்தது நல்லது.

மாந்தோப்பு

புஷ்ல இருந்து ஸ்பிரிங் 340, வீல் 425.

ஓசூர்க்காரி

340ஐ 425ஆல வகுத்தா 0.8. வீல் 10 மி.மீ. ஏறினா ஸ்பிரிங் 8 மி.மீ.தான் அமுங்குது. ஸ்பிரிங் தள்ளற பலமும் வீலுக்கு வந்து சேரறப்ப 0.8 பங்குதான். தூரத்துல ஒரு தடவை, பலத்துல ஒரு தடவை. அதனால 0.8ஐ 0.8ஆல பெருக்கணும், 0.64. உங்க 1.30ஐ 0.64ஆல வகுங்க.

மாந்தோப்பு

2.03!! கையெல்லாம் சிலிர்க்குது மேடம்.

பென்னாகரம் பஸ்

ஆறு கிரேட் மாங்காய்ல அறிவியல். அந்த மாங்காய் இப்ப எங்க?

மாந்தோப்பு

மண்டிக்குப் போயிடுச்சு. அடுத்து பிரஸ்ல வச்சு நேரா அளக்கலாம்னு இருக்கேன். ஊர்ல லேத் பட்டறையில ஹைட்ராலிக் பிரஸ் இருக்கு. மண்டியில இருந்து 200 கிலோ எலக்ட்ரானிக் தராசு ஒரு நாளைக்குத் தர்றேன்னாங்க. தராசைப் பிரஸ் மேடையில வச்சு, அது மேல ஸ்பிரிங் வச்சு அமுக்கினா போதும்தானே?

வெர்னியர்

போதும், ஆனா நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் அமுக்கு. உன் ஸ்பிரிங்கை 80 மி.மீ. அமுக்கினா உள்ள சுமார் 63 ஜூல் ஆற்றல் இருக்கும். 10 கிலோ கிரானைட் கல்லை உன் கால் மேல 64 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து போட்டா என்ன ஆகுமோ அது. 150 மி.மீ. அமுக்கினா மூணரை மடங்கு. நான் வேலை கத்துக்கிட்ட இடத்துல ஒரு ஸ்பிரிங் பக்கவாட்டுல வழுக்கி ஆஸ்பெஸ்டாஸ் கூரையில ஓட்டை போட்டுட்டுப் போச்சு. கீழ நின்னவன் டீ வாங்கப் போயிருந்தான்.

ஸ்பிரிங் உள்ள ஒரு பைப் நிக்கணும், அமுக்கிக் கடைசியா வர்ற உயரத்தை விடக் குட்டையா. வெளிய சுத்துக்குள்ள செயின் கோத்து பிரஸ் சட்டத்துல கட்டு. தராசு மேல 6 மி.மீ. தகடு போடு, இல்லாட்டி ஸ்பிரிங் நுனி தராசு மேடையைக் குத்திடும். ஸ்பிரிங் நுனி சரிவா இருந்தா அதே வண்டியோட ரப்பர் சீட்டை வச்சே உட்காரவை. நேரா எதிர்ல நிக்காத.

முதல் 20 மி.மீ. கணக்குல சேர்த்துக்காத. கோடி சுத்து உட்கார்ற வரைக்கும் பொய் எடை காட்டும்.

ஓசூர்க்காரி

ஒரு இடத்துல மட்டும் அளக்காம 20, 20ஆ இறங்கி ஒவ்வொண்ணையும் எழுதுங்க. சில ஸ்பிரிங்ல ஒரு பக்கம் சுத்து நெருக்கமா இருக்கும். அமுக்க அமுக்க அந்த நெருக்கச் சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிடும், அப்புறம் விறைப்பு ஏறும். அதுக்கு ஒரே ஒரு எண் சொல்லவே முடியாது. கம்பியோட பக்கவாட்டுல பளபளன்னு உரசின தடம் இருந்தா அந்த ரகம்.

மாந்தோப்பு

முடிச்சுட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் பிரஸ் கிடைச்சது. தராசு மேடையில மாங்காய்ப் பால் காய்ஞ்சு பிசினா ஒட்டியிருந்தது, அதைச் சுரண்டி எடுக்கவே கால் மணி நேரம். பட்டறை அண்ணன் பிரஸ் கைப்பிடியை அரை அரை அடியா இறக்கினாரு, நான் ஸ்டீல் ஸ்கேலை வச்சு உயரம் பார்த்தேன், அவரு பையன் தராசு எண்ணைச் சத்தமா படிச்சான். செயின் கட்டினோம். ஒரு தடவை ஸ்பிரிங் ‘டிங்’னு சீட்டுல திரும்பி உட்கார்ந்தது. மூணு பேரும் ஒரே நேரத்துல வாசலுக்கு ஓடிட்டோம். அவ்வளவுதான், வேற ஒண்ணும் ஆகலை.

பழசு இடது, சும்மா நிக்கற உயரம் 292. 272ல 36.8 கிலோ, 252ல 76.9, 232ல 117.3, 212ல 157.6. மி.மீ.க்கு 2.01.

பழசு வலது, சும்மா நிக்கற உயரம் 284. 264ல 37.1, 244ல 77.0, 224ல 117.1, 204ல 157.4. மி.மீ.க்கு 2.00.

மஞ்சள், 325. 305ல 32.0, 285ல 67.6, 265ல 103.3, 245ல 139.2, 225ல 175.1. மி.மீ.க்கு 1.79. ரெண்டு மஞ்சளும் ஒண்ணுதான்.

மூணு விதமா அளந்தும் பழசுக்கு 2 கிலோதான் வருது. தாழ்ந்து நிக்கிற வலதும் இடது அளவுக்கே விறைப்பா இருக்கு! அப்ப பட்டறையில இளகிப்போச்சுன்னது?

ஓசூர்க்காரி

அதைத்தான் எல்லாரும் தப்பாச் சொல்றோம். வெர்னியர் சார் கணக்கைத் திரும்பப் பாருங்க: கம்பித் தடிமன், விட்டம், சுத்து, ஸ்டீலோட எண். 12 வருஷத்துல இதுல எது மாறும்? துரு ஆழமா அரிச்சா தடிமன் குறையும், சுத்து உடைஞ்சா எண்ணிக்கை மாறும். அது இல்லாட்டி விறைப்பு அப்படியேதான் இருக்கும். மாறினது உயரம். ரொம்ப நாள் அதிகப் பாரத்துல அமுங்கி அமுங்கி ஸ்டீல் நிரந்தரமாக் கொஞ்சம் முறுக்கிக்கிச்சு, ஸ்பிரிங் குட்டையாயிடுச்சு. வலது 8 மி.மீ. அதிகமாக் குட்டை. இளகலை, குறுகியிருக்கு.

வண்டியில 6 மி.மீ.தான் தெரியுதேன்னு கேட்பீங்க. முன் ஸ்பிரிங் ரெண்டும் சேர்ந்து வண்டி சாயறதைப் பிடிச்சு நிறுத்தும், அதான்.

பாலக்கோட்டான்

மேடம், விறைப்பு மாறலைன்னா ஏன் முன்னை விடத் தொளதொளன்னு ஆடுது? ‘டம்’முனு ஏன் அடிக்குது? புஸ்தகத்துல இருக்கறது ரோட்டுல வராது.

ஓசூர்க்காரி

நியாயமான கேள்விங்க. ஆடறது ஷாக் அப்சார்பர் வேலை, ஸ்பிரிங்கோடது இல்லை. எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு பாருங்க. ‘டம்’முனு அடிக்கறது ஏன்னா வண்டி தாழ்ந்ததால கடைசியா முட்டி நிறுத்தற பம்ப் ரப்பர் (bump stop) வரைக்கும் இருந்த தூரம் குறைஞ்சுபோச்சு. அதே பள்ளம், அதே ஸ்பிரிங், ஆனா இடம் கம்மி.

மாந்தோப்பு

இடது ஷாக்ல எண்ணெய் வழிஞ்சு மண் அப்பியிருக்கு. நான் அதைச் சேறுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

பாலக்கோட்டான்

சரி, ஒத்துக்கறேன். ஆனா நீங்க அளந்ததையே எடுத்துக்கங்க. என் மஞ்சள் 325, உங்க பழசு ரெண்டுக்கும் சராசரி 288தான். போட்டா வண்டி உசருமா உசராதா? நான் அதைத்தானே சொன்னேன்.

வெர்னியர்

உசரும். கணக்கே போட்டுடலாம். காலி வண்டியில ஒரு பின் ஸ்பிரிங் மேல சுமார் 200 கிலோ இருக்குன்னு வை. பழசு 100 மி.மீ. அமுங்கி 188ல நிக்கும், மஞ்சள் 112 அமுங்கி 213ல. வித்தியாசம் 25, வீல்ல பார்த்தா சுமார் 30 மி.மீ. தூக்கும். இவன் லோடு ஏத்தினா ஸ்பிரிங்குக்கு 81 கிலோ (65ஐ 0.8ஆல வகுத்தது) கூடும். பழசு 40 இறங்கும், மஞ்சள் 45 இறங்கும். அப்பவும் மஞ்சள்தான் மேல நிக்கும். அதனால பாலக்கோட்டார் சொன்னது பாதி சரி. உயரம் கிடைக்கும், ‘ஹெவி’ கிடைக்காது. லோடுக்கு இன்னும் அதிகமாவே இறங்கும்.

காலியா ஓட்டறப்ப பின்னாடி 30 மி.மீ. தூக்கி நின்னா ஹெட்லைட் கீழ குத்தும், ஷாக் எந்நேரமும் நீண்டே நிக்கும், பள்ளத்துல வீல் தொங்க இடம் இருக்காது.

தொப்பூர் இறக்கம் | வாடகை வண்டி

தம்பி, ஸ்பிரிங் எதைப் போட்டாலும் பிரேக்கும் டயரும் அதேதான். ஆறு கிரேட்டை எட்டு ஆக்கிடாத.

அரூர் வாத்தியார்

ஓர் ஆசையில் கணக்கிட்டேன். வீலில் மி.மீ.க்கு 1.29 கிலோ (2.01 × 0.64), ஒரு வீலின் மேல் 160 கிலோ (200 × 0.8) என்றால் வண்டியின் பின்பாகம் நொடிக்கு ஏறக்குறைய 1.4 முறை ஊசலாடும். லோடுடன் 1.2. சாதாரணக் கார்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை வரை என்பதுதான் வழக்கமான அளவு. வண்டியை வடிவமைத்தவர் தூங்கிவிடவில்லை.

மாந்தோப்பு

மஞ்சளைத் திருப்பிக் கொடுத்துட்டேன். பாதிக் காசுதான் வந்தது. பச்சை, வெள்ளைப் பொட்டுக்கு உரிய பார்ட் எண்ணைப் பழைய ஸ்பிரிங் மேலேயே அழியாத லேபிள்ல கண்டுபிடிச்சு, அதே எண்ணுல புது ஜோடியும் ரெண்டு ஷாக்கும் வாங்கினேன். மாட்டறதுக்கு முன்னாடி பிரஸ்ல வச்சேன், பழக்கம் விடலை. உயரம் 303, 302. விறைப்பு 2.02, 2.03. காலி வண்டி பின்னாடி 18 மி.மீ. ஏறியிருக்கு, இடது வலது ரெண்டும் சமம். அஞ்சு கிரேட்டோட அதே ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தி இறக்கினேன், சத்தம் இல்லை.

கல்குவாரி | பர்கூர்

புதுசுல பொட்டு என்ன கலர்?

மாந்தோப்பு

பச்சை, பச்சை 🙂

ஓசூர்க்காரி

ரகம் வேற, மாடல் அதே. ரெண்டு ஸ்பிரிங்லயும் ஒரே பொட்டு இருக்கான்னு மட்டும் பாருங்க, ஒரே ஆக்ஸில்ல ரகம் கலக்கக்கூடாது.

மாந்தோப்பு

இருக்குது மேடம், ரெண்டும் ஒண்ணுதான்.

பென்னாகரம் பஸ்

அண்ணா, என் வண்டி முன் ஸ்பிரிங்கையும் கொண்டுவரட்டுமா? கழட்டினா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு. கெட்டுப்போச்சா?

வெர்னியர்

கெட்டுப்போகலை. ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணாச் சேர்ந்த தூணை) ஒரு பக்கமாச் சாய்க்கிற விசையைச் சமன் செய்யறதுக்காக வேணும்னே வளைச்சுச் செய்யற ரகம் அது. அதுக்கு என் கணக்கு ஒத்துவராது, பிரஸ்லதான் வைக்கணும், அதுவும் அதோட சொந்த சீட்டு ரெண்டுலயும் சரியான திசையில உட்காரவச்சு.

மாந்தோப்பு

தாராளமாக் கொண்டுவாங்க. ஆனா தராசு மண்டிக்குத் திரும்பிப் போயிடுச்சு. நீலம் மாம்பழ சீசன் முடியற வரைக்கும் கேட்காதேன்னுட்டாங்க.